இரண்டாம் ரிச்சர்டு: யார்க் கோமகன் கேட்ட ஒரு கேள்வி

வந்த கேள்வி இது: “ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்டு’ நாடகம் படித்தேன். பாதிவரை ரிச்சர்டு ஒழிந்தால் போதும் என்றிருந்தது. முடியை இறக்கிக் கொடுக்கும் காட்சி வந்ததும் அவனுக்காகக் கண் கலங்கிவிட்டது. ஷேக்ஸ்பியர் யார் பக்கம்? கெட்ட மன்னனை இறக்கியது சரி என்கிறாரா, தப்பு என்கிறாரா?”

நீங்கள் பாதியில் கட்சி மாறியதில் பிழையே இல்லை. பல வருடம் இந்த நாடகத்தை மாணவர்களோடு சேர்ந்து படித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் அதே இடத்தில்தான் மாறுவார்கள். ஆனால் பதிலைத் தேட நான் உங்களை அந்த முடி துறக்கும் காட்சிக்கு அழைத்துப் போக மாட்டேன். அதற்கு வெகு முன்னால், இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில், யார்க் கோமகன் என்ற முதியவர் ஒரு கேள்வி கேட்கிறார். படிக்கும்போது பலரும் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நாடகம் முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் குடும்பத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் எட்வர்டுக்கு வளர்ந்து ஆளான மகன்கள் ஐந்து பேர். மூத்தவர் பட்டத்து இளவரசர் எட்வர்டு. அடுத்து லயனல், மூன்றாவது கான்ட்டின் ஜான், நான்காவது யார்க் கோமகன் எட்மண்டு, கடைசி க்ளஸ்டர் கோமகன் தாமஸ். மூத்தவர் 1376-இல் தகப்பனுக்கு முன்பே இறந்துபோனார். அடுத்த ஆண்டு மூன்றாம் எட்வர்டும் இறக்க, மூத்தவரின் மகன் ரிச்சர்டு பத்து வயதில் முடிசூடினான். சித்தப்பாக்கள் உயிரோடு, பலத்தோடு இருக்கும்போதே ஒரு சிறுவன் அரியணையில் அமர முடிந்ததற்கு ஒரே காரணம் பிறப்பு வரிசை. இதை மனதில் வையுங்கள்.

ஆங்கிலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் ‘கசின்’ என்றும் ‘அங்கிள்’ என்றும் அழைத்துக்கொள்வதால் உறவின் கூர்மை மழுங்கிப்போகிறது. தமிழில் சொன்னால் உடனே விளங்கிவிடும். ரிச்சர்டு பெரியப்பா மகன். அவனை இறக்கிவிட்டுப் பின்னால் நான்காம் ஹென்றி ஆகும் பாலிங்புரோக், சித்தப்பா கான்ட்டின் மகன். பங்காளிகள். அந்தச் சொல்லுக்குள் பங்கும் இருக்கிறது, பகையும் இருக்கிறது. இருவரும் பிறந்தது 1367-ஆம் ஆண்டு, ஒரே வயது.

நாடகம் தொடங்கும்போது கடைசிச் சித்தப்பா க்ளஸ்டர் செத்துப் போயிருக்கிறார். 1397-இல் காலே நகரில், காவலில் இருந்தபோது நடந்த சாவு. பாலிங்புரோக் சபையில் நின்று, அதற்குக் காரணம் மௌபிரே என்ற பிரபு என்று குற்றம் சாட்டுகிறான். நீதி சொல்ல உட்கார்ந்திருப்பவன் ரிச்சர்டு. அவன் உத்தரவால்தான் அந்தக் கொலை நடந்தது என்று சபையில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாவது காட்சியில்தான் செய்தி கசிகிறது. கொலையுண்டவரின் மனைவி, அண்ணன் கான்ட்டிடம் பழிவாங்கச் சொல்லி மன்றாடுகிறாள். கான்ட் மறுக்கிறார். கடவுளின் பிரதிநிதி செய்த தவற்றைக் கடவுளே கேட்கட்டும், நான் அவர் ஊழியன்மேல் கை ஓங்க மாட்டேன் என்கிறார். தம்பியின் கொலைக்கே இப்படி அடங்கியிருக்கும் மனிதரை முதலிலேயே நம் முன் நிறுத்திவிடுகிறார் ஷேக்ஸ்பியர். கொலைக்குக்கூட எழாத கை, எதற்கு எழும் என்று பார்க்க வைக்கிறார்.

கவன்ட்ரியில் பாலிங்புரோக்கும் மௌபிரேயும் மோதத் தயாராகும்போது ரிச்சர்டு தன் கோலை வீசிச் சண்டையை நிறுத்துகிறான். இது 1398 செப்டம்பரில் உண்மையாகவே நடந்தது. மௌபிரேக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல். பாலிங்புரோக்குக்குப் பத்து ஆண்டு, பிறகு அது ஆறாகக் குறைகிறது. மறுவருடம் பிப்ரவரியில் கான்ட் இறந்தார். அவர் சாவதற்கு முன் பேசும் இங்கிலாந்துப் புகழ்ச்சியைப் பலர் தேசபக்திப் பாட்டாக மனப்பாடம் செய்வார்கள். அந்த முழு வாக்கியமும் போய் முடிவது ஒரு குற்றச்சாட்டில்: இப்படிப்பட்ட நாடு இன்று ஒரு வாடகை வீட்டைப் போல, ஒரு சின்னப் பண்ணையைப் போலக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. ரிச்சர்டின் முகத்துக்கு நேராகவே, நீ இப்போது இங்கிலாந்தின் மன்னன் இல்லை, நிலக்கிழார் என்கிறார். (உண்மையான கான்ட் இவ்வளவு மதிக்கப்பட்டவர் இல்லை. 1381 குடியானவர் கிளர்ச்சியில் லண்டனில் அவருடைய சவாய் அரண்மனையைத்தான் கூட்டம் எரித்தது.)

அவர் உயிர் பிரிந்த செய்தி வருகிறது. ரிச்சர்டு இரண்டு மூன்று வரியில் இரங்கல் சொல்லிவிட்டு, அயர்லாந்துப் போருக்குப் பணம் வேண்டும், கான்ட்டின் வெள்ளிப் பாத்திரம், பணம், வருமானம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறான். மகன் பாலிங்புரோக் உயிரோடு, பிரான்சில் இருக்கிறான்.

இங்கேதான் யார்க் வெடிக்கிறார். இதுவரை பொறுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: க்ளஸ்டரின் சாவு, ஹெர்ஃபோர்டின் (பாலிங்புரோக்கின் பட்டப்பெயர் அது) நாடுகடத்தல், கான்ட்டுக்கு நேர்ந்த அவமானம். எதற்கும் நான் முகம் சுளிக்கவில்லை என்கிறார். பிறகு இப்படிப் போகிறது, என் வார்த்தையில்: ஹெர்ஃபோர்டுக்குச் சேரவேண்டியதை நீ எடுத்தால், காலத்தின் சாசனத்தையே கிழித்தது போல. இன்றைக்குப் பின் நாளை வராமல் போகட்டும். நீ நீயாக இராமல் போ. வரிசைப்படி வந்த வாரிசுரிமை தவிர வேறு எதனால் நீ மன்னன் ஆனாய்?

இந்தக் கடைசி வரிதான். ஒரு பத்து வயதுப் பையனை மூன்று சித்தப்பாக்களுக்கு மேலே உட்கார வைத்த சட்டமும், ஒரு கோமகனின் நிலத்தை அவன் மகனுக்குச் சேர்ப்பிக்கும் சட்டமும் ஒன்றே. ரிச்சர்டு பக்கத்து வயலின் வரப்பை வெட்டுவதாக நினைக்கிறான். வெட்டுவது தன் கிணற்றுக்கு வரும் வாய்க்காலை.

அவன் பதில் என்ன? என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்கிறோம். யார்க் வெளியேறுகிறார். அடுத்த சில வரிகளிலேயே ரிச்சர்டு, நான் அயர்லாந்து போய்த் திரும்பும்வரை நாட்டை ஆள என் சித்தப்பா யார்க்கை நியமிக்கிறேன், அவர் நேர்மையானவர் என்கிறான்! எதிரில் நின்று கோபமாகப் பேசியவரை நம்பி நாட்டைக் கொடுக்கும் இந்த அலட்சியம் ரிச்சர்டைப் பற்றிப் பத்து பக்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

பாலிங்புரோக் திரும்பி வந்ததும் யார்க்கின் கேள்வி அவன் கைக்கு மாறுகிறது. நாடுகடத்தப்பட்டவன் எப்படிக் கால் வைக்கலாம் என்று யார்க் அதட்டும்போது அவன் சொல்கிறான்: போனவன் ஹெர்ஃபோர்டு, வந்திருப்பவன் லங்காஸ்டர் (அப்பன் கான்ட்டின் பட்டம் அது). என் பங்காளி இங்கிலாந்தின் மன்னன் என்றால், நான் லங்காஸ்டரின் கோமகன் என்பதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். யார்க்கால் மறுக்க முடியவில்லை. அவர் சொன்ன நியாயமே திரும்பி வந்து நிற்கிறது. கையில் படை இல்லை. நான் யார் பக்கமும் இல்லை என்று அறிவித்துவிட்டு, இரவு தங்கக் கோட்டைக்குள் வாருங்கள் என்று அவனையே விருந்துக்கு அழைக்கிறார். சிலர் இந்த இடத்தில் யார்க்கைக் கோழை என்று சிரிப்பார்கள். எனக்கு அவர்மேல் மிகுந்த பரிவு உண்டு. சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கும்போது சட்டத்தை நம்பி வாழ்ந்த மனிதன் வேறென்ன செய்வான்?

இப்போது ஒரு நுணுக்கம். பாலிங்புரோக் உண்மையில் நிலத்துக்காக வந்தானா, முடிக்காகவா? நிலத்துக்குத்தான் என்று பலமுறை சொல்கிறான். நாடகத்தில் அவனுக்குத் தனிமொழி ஒன்றுகூட இல்லை. அவன் மனம் நமக்குத் திறக்கப்படுவதே இல்லை. ஆனால் யார்க் கோபித்துக்கொண்டு போன அதே காட்சியின் கடைசியில் நார்தம்பர்லாந்து என்ற பிரபு ஒரு ரகசியம் சொல்கிறார்: எட்டுப் பெரிய கப்பல்களில் மூவாயிரம் வீரர்களோடு பாலிங்புரோக் பிரிட்டனியிலிருந்து புறப்பட்டுவிட்டான், மன்னன் அயர்லாந்துக்குக் கிளம்பட்டும் என்றுதான் காத்திருக்கிறான். கான்ட்டின் உடல்கூட இன்னும் ஆறவில்லை. சொத்தைப் பிடுங்கிய செய்தி கடல் தாண்டியிருக்க வழியே இல்லை. அப்படியென்றால் அவன் எதைக் கேட்டுப் புறப்பட்டான்? (வரலாற்றில் அவன் 1399 ஜூலை தொடக்கத்தில் ரேவன்ஸ்பர்னில் ஒரு சிறு கூட்டத்தோடுதான் இறங்கினான், சொத்துப் பறிப்பு நடந்து சில மாதம் ஆகியிருந்தது.) காலத்தை இப்படிச் சுருக்கி, அவன் நியாயத்தின் அடியில் ஒரு சந்தேகத்தை ஷேக்ஸ்பியர் செருகிவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

ரிச்சர்டு ஒரு நாள் தாமதமாக வேல்ஸ் கரையேறுகிறான். அவன் செத்துவிட்டான் என்று நம்பிப் பன்னிரண்டாயிரம் வேல்ஸ் வீரர்கள் முந்தின நாள்தான் கலைந்து போயிருக்கிறார்கள். கடல் நீர் முழுவதும் சேர்ந்தாலும் அபிஷேகம் செய்த மன்னனின் தைலத்தைக் கழுவ முடியாது என்று முழங்கியவன், அதே காட்சியில் தரையில் உட்கார்ந்து செத்த மன்னர்களின் கதை பேசலாம் வாருங்கள் என்கிறான். நீங்கள் கட்சி மாறத் தொடங்கியது அநேகமாக இங்கேதான். அதிகாரம் இருந்தவரை அவன் பேச்சு வெறும் ஆடம்பரம். அது போனபிறகு, பசியும் துக்கமும் உள்ள, நண்பர் தேவைப்படும் மனிதன் நான் என்று அவன் வாயாலேயே சொல்கிறான்.

ஃப்ளின்ட் கோட்டையில் பாலிங்புரோக் மண்டியிட்டு, எனக்கு உரியதைக் கேட்டு மட்டும் வந்தேன் என்கிறான். உன்னுடையது உன்னுடையது, நானும் உன்னுடையவன், எல்லாமே உன்னுடையது என்கிறான் ரிச்சர்டு. முடியை விடு என்று அதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்காததை அவனே கொடுக்கிறான்.

சரி, வெஸ்ட்மின்ஸ்டர் காட்சிக்கு வருவோம். அங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. மன்னனை விசாரிக்க யாருக்கு அதிகாரம்? எந்தக் குடிமகன் தன் மன்னனுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று கார்லைல் ஆயர் எழுந்து கேட்கிறார். பாலிங்புரோக்கை முடிசூட்டினால் ஆங்கிலேய ரத்தம் மண்ணுக்கு உரமாகும் என்று எச்சரித்ததற்காக அங்கேயே கைதாகிறார். அவர் கேள்விக்குச் சபையில் பதில் இல்லை. ஆகவே அவர்களுக்கு ரிச்சர்டின் வாயிலிருந்தே ஒரு சொல் தேவைப்படுகிறது. நார்தம்பர்லாந்து குற்றப்பட்டியலை நீட்டி, இதைப் படி, உன்னை இறக்கியது நியாயம் என்று ஊர் நம்பட்டும் என்று திரும்பத் திரும்ப நெருக்குகிறார். ரிச்சர்டு படிப்பதே இல்லை. கண்ணீர் மறைக்கிறது என்கிறான், கண்ணாடி கேட்கிறான், தன் முகத்தைப் பார்க்கிறான், உடைக்கிறான். ஆனால் முடியைத் தானே இறக்குகிறான்: என் கண்ணீராலேயே என் தைலத்தைக் கழுவுகிறேன், என் கையாலேயே முடியைக் கொடுக்கிறேன். கடல் நீரால் முடியாது என்றானே, அது உண்மைதான்; அவன் ஒருவனால் மட்டுமே முடியும். ஒரு மனிதன் தனக்கே பட்டாபிஷேகத்தைப் பின்னோக்கிச் செய்துகொள்வதைப் பார்க்கிறோம். கண் கலங்காமல் என்ன செய்யும்?

வரலாறு இப்படி நடக்கவில்லை. 1399 செப்டம்பர் 29-இல் லண்டன் கோபுரத்துக்குள் ரிச்சர்டு முடி துறந்ததாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் முப்பத்து மூன்று குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டபோது அவன் அங்கே இல்லை. அந்த மண்டபத்தைப் புதுப்பித்து, இன்றும் நிற்கும் மாபெரும் மரக்கூரையைப் போடச் செய்தவன் அவன். ஷேக்ஸ்பியர் அவனை உள்ளே அழைத்து வந்து நிறுத்தினார். அச்சில் இந்தப் பகுதிக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: 1597-இல் நாடகம் முதன்முதலாக அச்சானபோதும், 1598-இல் மீண்டும் இருமுறை அச்சானபோதும் ஏறக்குறைய நூற்றறுபது வரி கொண்ட இந்தப் பகுதி இல்லை. 1608 பதிப்பில்தான் வந்தது. எலிசபெத் ராணி இறந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது.

ஏன் அந்தப் பயம்? எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு யார் என்ற பேச்சையே அவர் அனுமதிக்கவில்லை. அதை நாடாளுமன்றத்தில் எழுப்ப முயன்ற பீட்டர் வென்ட்வொர்த் சிறையிலேயே இறந்தார். 1595 வாக்கில் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது இருநூறு ஆண்டுப் பழங்கதை இல்லை. 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வழக்கமான வசூலுக்கு மேல் நாற்பது ஷில்லிங் கொடுத்து, ரிச்சர்டு இறக்கப்பட்டுக் கொல்லப்படும் நாடகத்தை குளோப் அரங்கில் நடத்தச் சொன்னார்கள். பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கியும் நடந்தது. மறுநாள் எசெக்ஸ் லண்டன் தெருவில் கலகத்துக்கு இறங்கினார், மக்கள் சேரவில்லை, அந்த மாதமே தலை போயிற்று. நடிகர்களை விசாரித்து விட்டுவிட்டார்கள். “நான்தான் இரண்டாம் ரிச்சர்டு, தெரியாதா?” என்று எலிசபெத் பிறகு சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு, அதை எல்லா ஆய்வாளரும் நம்புவதில்லை.

எசெக்ஸின் ஆட்கள் நாடகத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன். மன்னனை இறக்கலாம் என்ற தைரியத்தை அதில் தேடினார்கள். இறக்கியவன் கதி என்ன ஆகிறது என்பதும் அதே நாடகத்தில் இருக்கிறது.

யார்க்கின் கேள்வியைப் பாலிங்புரோக்கிடம் கேட்டுப் பாருங்கள். வாரிசு வரிசைதான் சட்டம் என்றால், பிள்ளையில்லாத ரிச்சர்டுக்கு அடுத்து முடி யாருக்கு? கான்ட்டுக்கு மூத்தவரான லயனலின் மகள் வழியில் எட்மண்டு மார்ட்டிமர் என்ற ஏழு வயதுப் பையன் 1399-இல் இருந்தான். பெண்வழி செல்லும் என்றால் முறை அவனுடையது. நாடகத்தில் அந்தப் பெயர் ஓரிடத்தில்கூட வருவதில்லை. ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் கலகக்காரர்கள் வாயில்தான் அந்த உரிமை வெளிவருகிறது. அப்பன் நிலத்துக்கு எந்தச் சட்டத்தைக் காட்டினானோ, அதே சட்டத்தைத் தாண்டித்தான் பாலிங்புரோக் அரியணை ஏறினான். அவனுக்கே அது தெரியும். முடிசூடிய கையோடு, லங்காஸ்டர் பரம்பரைச் சொத்தை அரச சொத்தோடு சேர்க்காமல் தனியாகவே வைக்கச் சாசனம் செய்துகொண்டான். முடி போனாலும் அப்பன் நிலம் போகக்கூடாது என்ற கணக்கு. அந்தச் சொத்து இன்றுவரை பிரிட்டிஷ் அரச சொத்திலிருந்து தனியாகவே நிர்வகிக்கப்படுகிறது.

ஆக உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: நிலத்தின் விஷயத்தில் பாலிங்புரோக் பக்கம் நியாயம், அரியணையின் விஷயத்தில் ரிச்சர்டு பக்கம் உரிமை. ரிச்சர்டின் உரிமை அவன் நடத்தையைச் சரியாக்கவில்லை. அவன் நடத்தை பாலிங்புரோக்கின் உரிமையைச் சரியாக்கவில்லை. இரண்டையும் முழுக் கனத்தோடு நம்மைச் சுமக்க வைக்கிறார் ஷேக்ஸ்பியர். பாதியில் தோள் மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதை நம்புவதற்குக் கடினமாக இருந்தால் ஐந்தாம் அங்கத்தில் யார்க்கின் வீட்டுக் காட்சிகளை மறுபடி படியுங்கள். மேடையில் பலர் இவற்றை வெட்டிவிடுவார்கள். பாதி வேடிக்கை போலத் தோன்றும். யார்க்கின் மகன் ஆமெர்ல், புது மன்னனைக் கொல்லும் சதியில் கையெழுத்திட்டிருக்கிறான். கிழவர் கடிதத்தைப் பறித்துப் படித்துவிட்டு, பூட்ஸைக் கொண்டுவா, குதிரைக்குச் சேணம் பூட்டு என்று கத்துகிறார். மகனைக் காட்டிக்கொடுக்க மன்னனிடம் ஓடுகிறார். தகப்பனுக்குப் பின் மகன் என்ற வரிசைக்காக ரிச்சர்டின் முகத்துக்கு நேரே பேசிய அதே மனிதர், இப்போது தன் வாரிசின் தலையைக் கேட்டு மண்டியிடுகிறார். மனைவி கதறுகிறாள்: நமக்கு வேறு பிள்ளை இருக்கிறதா, இனிப் பிறக்கப் போகிறதா?

வரலாற்றில் இருந்தது. யார்க்குக்கு இன்னொரு மகன், கோனிஸ்பரோவின் ரிச்சர்டு. ஷேக்ஸ்பியர் அவனை இந்த வீட்டிலிருந்து அழித்துவிட்டார். அவன் மணந்தது ஆன் மார்ட்டிமரை, அந்த ஏழு வயதுப் பையனின் அக்காவை. 1415-இல், பாலிங்புரோக்கின் மகன் ஐந்தாம் ஹென்றி பிரான்சுக்குக் கப்பலேறும் தறுவாயில், அவனுக்கு எதிராகச் சதி செய்தான் என்று சவுதாம்ப்டனில் தலை வெட்டப்பட்டான். ஆமெர்ல் அதே ஆண்டு அஜின்கோர்ட்டில் ஹென்றிக்காகவே போரிட்டுச் செத்தான். கோனிஸ்பரோவின் பேரன் 1461-இல் லங்காஸ்டர் வம்சத்தை இறக்கிவிட்டு நான்காம் எட்வர்டு என்று முடிசூடினான். அவன் முன்வைத்தது, தன் கொள்ளுப்பாட்டன் யார்க் அன்று கேட்ட அதே வாரிசு வரிசையை.